எங்க எடுத்துருக்காக?

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், கோவில்பட்டியில் ஒரு டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துத்தான் வண்டியை ஓரங்கட்டினேன். கிட்டப் போனால் விஷயம் வேறு. இரண்டு வாரத்துக்கு முன்னால் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் முடிந்திருந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஒரு அணி வந்திருந்தது. அதற்கு யார் யாரை எடுத்தது சரி, யாரை விட்டது தப்பு என்பதுதான் பஞ்சாயத்து.

"நெதர்லாண்ட்ஸ்காரன் ஒருத்தனுக்கு அம்பத்திநாலு லட்சமா? அந்தக் காசுக்கு நம்ம பயலுக அஞ்சு பேர எடுத்துருக்கலாம்லா?"

"அஞ்சு பேர எடுத்து என்ன செய்ய? பி.சி. அடிக்க ஆள் வேண்டாமா? ஜான்சன் பாரிஸ்ல தங்கம் வாங்குன டீம்ல இருந்தவம்."

"அப்ப கோலிக்கு ஏன் அயர்லாந்துக்குப் போனாக?"

"டேவிட் ஹார்ட்டப் பத்தித் தெரியாமப் பேசாத. ரெண்டு வருசம் வரிசையா உலகத்துலயே பெஸ்ட் கோலின்னு அவார்டு வாங்குனவம்."

கிரிக்கெட் ஏலத்தைப் பற்றி இப்படிப் பேசுகிற டீக்கடை தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. ஹாக்கி ஏலத்தைப் பற்றிப் பேசுகிற டீக்கடை அபூர்வம். கோவில்பட்டியை 'ஹாக்கிபட்டி' என்று சொல்வார்கள். தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி என்று ஊருக்கு மூன்று அடையாளம்.

அந்தக் கூட்டத்தில் என் மாமாவும் இருந்தார். ஒரு காலத்தில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவர். எல்லாரும் லட்சக் கணக்கில் பேசிக்கொண்டிருக்க, அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அதெல்லாம் சரிப்பா. நம்ம பயலுகள எங்க எடுத்துருக்காக?"

ஏலத்தில் எந்த அணி எடுத்தது என்று கேட்கிறார் என நினைத்து நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது அதையல்ல. ரயில்வேயிலா, பேங்க்கிலா, போலீஸிலா, ஆர்மியிலா? எந்த டிபார்ட்மென்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கான பரிகாரம்.

1

முதலில் டீக்கடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இன்ஜினியரிங் படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடாது.

அந்த ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் வரம்பு. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். அதில் 8 பேர் வெளிநாட்டவர், 16 பேர் இந்தியர். அந்த 16-ல் 4 பேர் ஜூனியர்கள். அடிப்படை விலை 10 லட்சம், 5 லட்சம், 2 லட்சம் என்று மூன்று படி. ஏலத்தின் உச்ச விலை ஹர்மன்ப்ரீத் சிங்குக்கு. சூர்மா கிளப் அவரை 78 லட்சத்துக்கு எடுத்தது.

டிராகன்ஸ் ஜிப் ஜான்சனுக்கு 54 லட்சம், தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம், டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம் கொடுத்தது. மூன்று பேருக்கே 1 கோடியே 34 லட்சம். பையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சத்தை முழுசாகச் செலவழித்தாலும் 21 பேருக்குத் தலைக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சராசரிக்குக் கீழேதான் பெரும்பாலான பையன்கள் வருவார்கள்.

ஆட்ட ரீதியாக இது தப்பான கணக்கு இல்லை. பெனால்டி கார்னர் அடிக்க ஒருவர், அதைத் தடுக்க ஒருவர், கோலில் ஒருவர். நவீன ஹாக்கியில் பல ஆட்டங்களின் முடிவை இந்த மூன்று இடங்கள்தான் தீர்மானிக்கின்றன. முதுகெலும்பை விலை கொடுத்து வாங்கிவிட்டு மற்றதை நிரப்பிக்கொள்வது எல்லா ஏலத்திலும் நடக்கிற உத்தி. அந்த சீசனில் டிராகன்ஸ் அரையிறுதி வரை போனது. பெங்கால் டைகர்ஸிடம் 2-2 என்று சமநிலையில் முடித்து ஷூட் அவுட்டில் தோற்றது. பெங்கால்தான் பிறகு கோப்பையையும் வாங்கியது. ஆக, டீக்கடையில் ஜான்சனுக்காக வாதாடிய அண்ணாச்சி தோற்கவில்லை.

ஆனால் மாமாவின் கேள்வி இந்தக் கணக்குக்குள் எங்குமே வரவில்லை. அது வேறொரு வரலாற்றிலிருந்து வருகிற கேள்வி.

2

அமெரிக்காவில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று ஒரு சொல் உண்டு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், தனக்குப் பிடித்த அணிக்குப் போகலாம். இன்றைக்கு அது ரசிகர்களுக்குத் திருவிழா. யார் வருகிறார், யார் போகிறார், அணிக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று மாதக்கணக்கில் பேசுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை கரைந்திருக்கிறது.

1969-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பேஸ்பால் அணி, பன்னிரண்டு வருடம் தனக்கு ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ஒருமுறை கையெழுத்துப் போட்டால் அணி விடுகிறவரை ஆட்டக்காரர் அணிக்குச் சொந்தம் என்பது அன்றைய விதி. ஃப்ளட் மறுத்தார். வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு சரி. 1975 டிசம்பரில் வேறு இரண்டு வீரர்களுக்காக வந்த ஒரு நடுவர் தீர்ப்புதான் அந்தக் கட்டை அவிழ்த்தது. அமெரிக்கக் கால்பந்தில் அந்தச் சுதந்திரம் முழுசாக வர 1993 ஆனது. ஐரோப்பியக் கால்பந்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் விடுதலைக்குக் காசு கேட்கிற வழக்கத்தை ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியத்துக்காரர் வழக்காடி உடைத்தார். தீர்ப்பு வந்தது 1995 டிசம்பரில். அதற்குள் அவருடைய நல்ல வருடங்களும் போயிருந்தன.

அங்கெல்லாம் போராட்டம் 'என்னை விடு' என்பதற்காக நடந்தது. கோவில்பட்டியில் மூன்று தலைமுறையாகப் பையன்கள் மட்டையைத் தூக்கியது 'என்னை எடுத்துக்கோ' என்பதற்காக.

3

ஏன் அப்படி? ஆட்டத்துக்குக் காசு வாங்குகிறவன் ஒலிம்பிக்கில் ஆட முடியாது என்ற அமெச்சூர் விதி பல பத்தாண்டுகள் இருந்தது. ஹாக்கிக்கு ஒலிம்பிக்தான் எல்லாம். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆனால் அவன் சாப்பிட வேண்டும். அதற்கு இந்தியா கண்டுபிடித்த வழி வேலை. ஆட்டத்துக்குக் கூலி இல்லை, குமாஸ்தா வேலைக்குக் கூலி. தியான் சந்த் 1922-ல் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கி, 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். ரயில்வே விளையாட்டு வாரியம் தொடங்கியது 1928-ல். பிறகு போலீஸ், வங்கிகள், எண்ணெய் நிறுவனங்கள், விமான நிறுவனங்கள். சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. இவைதான் நம் ஊரின் 'கிளப்'புகள்.

தியான் சந்தைப் பற்றி ஒரு கதை உண்டு. 1936 பெர்லின் இறுதிப் போட்டியில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று உரித்த பிறகு, ஹிட்லரே கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருகிறேன் என்றாராம். இவர் மறுத்துவிட்டாராம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் கதையின் வடிவத்தைப் பாருங்கள். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரரை எதிரணி இழுக்கிறது. ஆசை காட்ட ஹிட்லர் என்ன கொடுக்கிறார்? பணமூட்டை இல்லை, மாளிகை இல்லை. ஒரு போஸ்டிங்! கதை கட்டியவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இந்திய ஹாக்கி ரசிகனின் கனவில்கூட ஆஃபர் என்றால் வேலைதான்.

விதிவிலக்காக ஒருவர் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தார். தன்ராஜ் பிள்ளை, புனே அருகே கட்கியில் வளர்ந்த தமிழர். மும்பையில் மஹிந்திரா, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸ். கூடவே மலேசியா, ஜெர்மனி, பிரான்ஸ், டாக்கா என்று கிளப் கிளப்பாக ஆடினார். நமக்குத் தெரிந்த முதல் ஃப்ரீ ஏஜென்ட் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அது நான்கு ஒலிம்பிக் ஆடிய தன்ராஜுக்குக் கட்டுபடியாகும். ஒரு சப்-ஜூனியர் நேஷனல் ஆடிய கரிசக்காட்டுப் பையனுக்கு?

4

டிபார்ட்மென்ட் ஆள் எடுக்கிற முறையை மாமாவிடம் உட்கார்ந்து கேட்டேன். இவ்வளவு வருடம் கேட்காமல் இருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

அறிவிப்பு வரும். ஹாக்கி, ஆண்கள், இத்தனை இடம். பல சமயம் எந்த இடத்து ஆட்டக்காரர் என்பதும் அதிலேயே இருக்கும். ஃபார்வர்ட் ஒன்று, கோல்கீப்பர் ஒன்று என்று. அதுதான் அந்த அணியின் ஓட்டை. இப்போதைய ரயில்வே விதிப்படி 100 மதிப்பெண்: விளையாட்டுச் சாதனைக்கு 50, நேரில் ஆடிக் காட்டுகிற டிரையலுக்கு 40, படிப்புக்கு 10. டிரையலில் 40-க்கு 25 எடுக்காவிட்டால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள். வயது 18-லிருந்து 25-க்குள். அதில் தளர்வு கிடையாது.

மாமா தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று முறை மூன்று இடங்களுக்குப் போனார். முதல் முறை அவர்களுக்கு ஃபார்வர்ட் வேண்டியிருந்தது. இவர் லெஃப்ட் ஹாஃப். இரண்டாம் முறை நன்றாக ஆடினார், தேசிய அளவில் மெடல் வைத்திருந்த ஒருவருக்கு அந்த இடம் போனது. "அவம் நல்ல பிளேயர்தாம் மாப்ள, குத்தம் சொல்ல முடியாது." மூன்றாம் முறை அறிவிப்பு தள்ளிப் போய்த் தள்ளிப் போய் வந்தபோது இவருக்கு 25 முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதப் போனார். இன்றும் எழுதுகிறார்.

"அப்ப ஏன் மாமா இடமே இல்லாமப் போச்சு? வயசான பிளேயர்ஸ் எல்லாம் ரிட்டயர் ஆகியிருப்பாங்கல்ல?"

"ஆட்டத்துல ரிட்டயர் ஆவாம். வேலையில எப்படி ஆவாம்? அறுபது வரைக்கும் சீட்டு அவனோடதுலா. அதுக்குத்தான மாப்ள எல்லாரும் ஓடுனோம்."

எனக்கு இங்கேதான் விஷயம் உறைத்தது. லீக் அணியில் ஆட்டம் ஓய்ந்தவரை அடுத்த ஏலத்தில் விட்டுவிடலாம். டிபார்ட்மென்டில் முடியாது. முடியாது என்பதால்தான் அது அவ்வளவு பெரிய கனவு. ஒருவருக்குக் கொடுத்த வாக்கு, அடுத்தவருக்குச் சாத்திய கதவு. இரண்டும் ஒரே கதவுதான்.

இன்னொரு சிக்கலும் பல காலம் இருந்தது. அன்றைக்கு ரயில்வேயில் சேர்ந்த தமிழ்நாட்டுப் பையன் தேசியப் போட்டியில் ரயில்வேக்கு ஆடினான். மாநில அணிக்கு அவன் கிடைக்கவில்லை. நல்ல பையன்களை வளர்த்துவிட்டது கோவில்பட்டி, அவர்களை ஆட வைத்தது டிபார்ட்மென்ட், ஆள் இல்லையே என்று கையைப் பிசைந்தது தமிழ்நாடு. 'நம்ம டீம்ல ஏன் நம்ம ஆளுக இல்ல' என்ற டீக்கடைப் புலம்பல் டிராகன்ஸோடு தொடங்கியதல்ல.

நான் சாஃப்ட்வேர் கம்பெனி நாலு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று புலம்பியிருக்கிறேன். கட்டிப்போடுகிறார்களே என்று. கட்டிப்போட ஒருவருமே வராத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசித்ததில்லை.

5

ஏலக் கதவு திடீரென்று 2024-ல் திறந்ததல்ல. இடையில் மூன்று முறை திறந்து மூடியிருக்கிறது.

2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. சென்னை வீரன்ஸ் என்று நமக்கு ஒரு அணி இருந்தது. 2008-ஓடு லீக் நின்றது. 2012-ல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி. அதில் சென்னை சீட்டாஸ். அந்தப் போட்டியை ஹாக்கி இந்தியா அங்கீகரிக்கவில்லை; நாட்டின் ஹாக்கியை யார் ஆள்வது என்று இரண்டு அமைப்புகளுக்குள் சண்டை. அதில் ஆடினால் இந்திய அணித் தேர்வுக்கு ஆபத்து என்று தெரிந்தேதான் பலர் ஆடினார்கள். ஒரே சீசனில் அதுவும் போனது. 2013-ல் ஹாக்கி இந்தியா லீக். 2017 வரை ஐந்து சீசன் நடந்தது. அந்த ஐந்திலும் தென்னிந்தியாவிலிருந்து ஒரு அணிகூட இல்லை. பிறகு ஏழு வருடம் லீக்கே இல்லை.

ஏழு வருடம் என்பதை மாமாவின் கணக்கில் சொல்கிறேன். 2017-ல் ஒரு பையனுக்கு 18 வயது என்றால், லீக் திரும்பி வந்த 2024-ல் அவனுக்கு 25. ரயில்வே அறிவிப்பின் வயது வரம்பு தொடங்குவதும் முடிவதும் சரியாக அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தலைமுறை லெஃப்ட் ஹாஃப்கள் அந்த ஏழு வருடத்தில் ஏதோ ஒரு ஆபீஸில் கணக்கு எழுதப் போயிருப்பார்கள்.

இந்தக் கதவுகள் மூடியிருந்த காலத்திலும் ஊரில் ஆட்டம் நிற்கவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி இருந்தது. கே.ஆர். கல்விக் குழுமத்தார் நடத்துகிற லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்குக் கோடை வெயிலில் வடக்கிலிருந்தும் டிபார்ட்மென்ட் அணிகள் வரும். ராத்திரி விளக்கொளியில் கேலரி நிரம்பும். 2022 மே மாதம் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டி இங்கே நடந்தது. அதே மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் இரண்டு பெயர்கள்: கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம். மே 23, பாகிஸ்தானோடு முதல் ஆட்டம். இந்தியாவின் ஒரே கோல் கார்த்தி பெயரில். அன்றைக்கு ஊரில் எத்தனை பேர் பாகிஸ்தான் கடைசி நிமிடங்களில் சமன் செய்ததை மறந்துபோனார்கள் என்று கணக்கில்லை. 2024 ஏலத்தில் டிராகன்ஸ் கார்த்தியை எடுத்தபோது டீக்கடையில் சண்டைக்கு நடுவே எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

6

இப்போது அந்தச் சண்டைக்குத் திரும்புகிறேன். ஜான்சனுக்கு 54 லட்சம் அதிகமா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஜெயிக்க வந்த அணி ஜெயிக்கிற வழியைப் பார்க்கும். உள்ளூர்ப் பையனை இரக்கத்துக்காக எடுக்கச் சொல்வது அந்தப் பையனுக்கும் அவமானம்.

ஆனால் 'அணிக்கு என்ன தேவை' என்பதை நாம் எப்போதும் முதலாளி இருக்கையில் உட்கார்ந்துதான் கேட்கிறோம். பைசா நமதில்லை, அணி நமதில்லை, இருந்தும் பி.சி. அடிக்க ஆள் வேண்டும், ரைட் பேக்கில் ஓட்டை என்று மேனேஜர் மாதிரிப் பேசுகிறோம். மாமா ஒருவர்தான் அந்தக் கடையில் ஆட்டக்காரர் பக்கத்திலிருந்து கேட்டார். 24 பேர் பட்டியலில் கடைசியில் 2 லட்சத்துக்குப் போன பையனுக்கு அந்த ஐந்து வாரம் முடிந்தபிறகு மிச்சம் நாற்பத்தேழு வாரம் இருக்கிறது. 'எங்க எடுத்துருக்காக' என்பது அந்த நாற்பத்தேழு வாரத்தைப் பற்றிய கேள்வி. கர்ட் ஃப்ளட் கேட்டதும் அடியில் இதேதான் என்று இப்போது தோன்றுகிறது: என் வாழ்க்கைக்கு என்ன என்று தீர்மானிக்கிற இடத்தில் நான் எங்கே இருக்கிறேன்? அவர் விடுதலை கேட்டார், இவர்கள் வேலை கேட்கிறார்கள். ரெண்டு பேரும் கேட்டது, ஆட்டம் முடிந்த பிறகும் மனுஷனாக நிற்க ஒரு இடம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாமாவோடு கிருஷ்ணா நகர் மைதானத்துக்குப் போனேன். இப்போது அங்கே செயற்கைப் புல். அவர் ஆடிய காலத்தில் வெறும் தரை. விழுந்தால் முழங்காலில் தோல் இருக்காது. பையன்கள் பி.சி. பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோலில் நின்ற பையன் அடுத்தடுத்து நாலு பந்தைத் தடுத்தான். ஐந்தாவதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"ஹார்ட்டு மாதிரியே இருக்கான் மாமா. டிராகன்ஸ்காரங்க கண்ணுல பட்டா எடுத்துருவாங்க."

மாமா பதில் சொல்லவில்லை. பையன் தண்ணி குடிக்க ஓரத்துக்கு வந்தபோது கூப்பிட்டார்.

"தம்பி, வயசு என்னய்யா?"

"பத்தொம்பது அண்ணாச்சி."

"சரி, போ. நல்லா ஆடு."

அவன் ஓடிப் போய்க் கோலில் நின்றான். மாமா கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டு இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஆறு வருசம் இருக்கு மாப்ள."